புது டெலி லென்ஸ் வேலை செய்யவில்லையா? பழுது என்று முடிவு கட்டும் முன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருகிறவர்களின் பெட்டியில் இப்போதெல்லாம் கேமரா லென்ஸும் ஒன்றாகிவிட்டது. வீட்டில் ஒரு பையன் கேமரா பழகுகிறான். கல்லூரிக்குப் போய்க்கொண்டே சிறு சிறு நிக்காஹ் ஆர்டர்களும் எடுக்கிறான். தூரத்தில் இருப்பதை நெருக்கமாக எடுக்க அவனுக்கு ஒரு டெலி லென்ஸ் தேவைப்படுகிறது. துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் காக்கா பல மாதம் சேமித்து வாங்கி வருகிறார். ஆசையோடு மாட்டிப் பார்த்தால் பட்டனை அழுத்தினாலும் படம் விழவில்லை. விழுந்தாலும் எல்லாம் மங்கல். வாங்கி வந்தவரோ இன்னும் மூன்று வாரத்தில் திரும்பிவிடுவார்.

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. சிலர் நல்ல லென்ஸைப் பழுது என்று நம்பி, தெரிந்த கடையில் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பிரித்த லென்ஸுக்கு உத்தரவாதம் போய்விடும். வேறு சிலர் உண்மையிலேயே பழுதான லென்ஸை, "நமக்குத்தான் பழக்கம் போதவில்லை" என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கடைக்காரர் மாற்றித் தரும் கெடு முடிந்த பிறகுதான் விவரம் தெரிகிறது. எனவே லென்ஸ் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே, அது கெட்டதா நல்லதா என்று தீர்மானித்துவிட வேண்டும். அதற்கு மெக்கானிக் தேவையில்லை. ஒரு பகல் பொழுதும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் மாட்டிய விதம். நிக்கான் லென்ஸை கேமராவின் முன்னால் நின்று பார்த்தால் இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றி மாட்ட வேண்டும். கேனானும் சோனியும் நேர்மாறு. ஒரு நிறுவனத்தின் கேமராவில் கை பழகியவர் இன்னொன்றைத் தொடும்போது பாதியிலேயே நிறுத்திவிடுவதுண்டு. 'டிக்' என்று பூட்டு விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் லென்ஸ் தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் கேமராவோடு பேசாது. லென்ஸின் பின்புறம் பளபளவென்று வரிசையாக இருக்கும் உலோகப் புள்ளிகள் வழியாகத்தான் இரண்டும் பேசிக்கொள்கின்றன. அங்கே விரல் பிசுக்கோ தூசியோ இருந்தால் கேனான் கேமரா 'எர் 01' என்று காட்டும். நிக்கானில் எஃப் என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் இரண்டு சிறு கோடுகளும் வரும். கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, உலர்ந்த மென்மையான துணியால் அந்தப் புள்ளிகளை மெல்லத் துடைத்து மீண்டும் மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாளால் தேய்ப்பது, நாக்கில் தொட்ட துணியால் துடைப்பது போன்ற கைவைத்தியங்கள் வேண்டாம். பேட்டரி முழுவதும் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய லென்ஸின் மோட்டாரை இழுக்க, தீரப்போகும் பேட்டரி திணறும்.

அடுத்தது பொருத்தம். நம் வீடுகளில் அதிகம் ஏமாறுவது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

நிக்கான் கேமராவில் மாட்டிப் பூட்டக்கூடிய எல்லா லென்ஸும் அதில் வேலை செய்யும் என்று நினைக்கக் கூடாது. நிக்கானின் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமரா பாடியில் இருக்கும் மோட்டார்தான் ஒரு சிறு திருகாணி போன்ற தண்டின் மூலம் லென்ஸைச் சுழற்றும். 2006-இல் வந்த டி40 தொடங்கி, டி3000 வரிசை, டி5000 வரிசை என்று மாணவர்கள் வாங்கும் விலையில் வந்த நிக்கான் கேமராக்கள் எதிலும் அந்த மோட்டார் இல்லை. அதனால் 'மலிவாகக் கிடைத்தது' என்று பழைய ஏஎஃப் 70-300 ஒன்றை வாங்கி டி3400-இல் மாட்டினால், ஆட்டோ ஃபோகஸ் அசையாது. லென்ஸ் கெடவில்லை, சுழற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான். கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி எடுக்கலாம். சரியான இடத்துக்கு வந்ததும் வியூஃபைண்டரின் ஓரத்தில் சிறு பச்சைப் புள்ளி எரியும். டி7000 வரிசைப் பாடி உள்ளவர்களுக்கு இதே லென்ஸ் தாராளமாக ஓடும். இந்தப் பழைய லென்ஸ்களில் எண்கள் பொறித்த அபர்ச்சர் வளையம் ஒன்றும் இருக்கும். அதை மிகப் பெரிய எண்ணுக்கு, பெரும்பாலும் 22 அல்லது 32-க்குத் திருப்பிப் பூட்டாவிட்டால், கேமரா 'எஃப்இஇ' என்று காட்டிப் படம் எடுக்க மறுக்கும். அதைப் பார்த்துப் பயந்து லென்ஸைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

இதற்கு நேர் எதிரான சிக்கல் புதிய லென்ஸில் இருக்கிறது. 2016-இல் நிக்கான் ஏஎஃப்-பி என்ற வகையைக் கொண்டுவந்தது. ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 எடை குறைவு, விலை குறைவு, வேகமான ஃபோகஸ். வெளிநாட்டுக் கடைகளில் விற்பனையாளர் முதலில் எடுத்து வைத்த லென்ஸ் இது. ஆனால் டி3100, டி3200, டி7000, டி90 போன்ற பழைய பாடிகளுக்கு இதன் மொழி தெரியாது. ஆட்டோ ஃபோகஸ் மட்டுமல்ல, கையால் வளையத்தைத் திருப்பினாலும் ஃபோகஸ் நகராது. காரணம், அந்த வளையம் கண்ணாடியோடு நேரடியாக இணைக்கப்படவில்லை. அது கேமரா வழியாக மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும் பொத்தான் மாதிரிதான். கட்டளையைக் கேட்க ஆளில்லாவிட்டால் படம் நிரந்தர மங்கல். டி3300, டி5300 உள்ளவர்கள் நிக்கானின் இணையதளத்தில் இருக்கும் ஃபர்ம்வேர் புதுப்பித்தலைப் போட்டுவிட்டுப் பிறகு சோதிக்க வேண்டும். பழைய பாடிக்கு என்றால் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் 55-200 அல்லது 55-300 கேளுங்கள். வாங்கப் போகும் உறவினருக்கு "நிக்கான் லென்ஸ்" என்று மட்டும் சொல்லாமல், கேமராவின் முழுப் பெயரையும் படம் எடுத்து அனுப்பிவிட்டால் இந்தத் தலைவலி வராது.

கேனானில் இந்த மோட்டார் குழப்பம் இல்லை. 1987-இல் தொடங்கிய இஎஃப் வகையில், ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் மோட்டார் இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியது நிறக்குறிகள்தான். வெள்ளைச் சதுரக் குறி உள்ள இஎஃப்-எஸ் லென்ஸ், சிவப்புப் புள்ளி மட்டும் உள்ள 6டி, 5டி போன்ற ஃபுல் ஃப்ரேம் பாடியில் ஏறாது. அழுத்தி ஏற்றப் பார்க்காதீர்கள். புதிய ஆர் வரிசை மிரர்லெஸ் கேமராவில் இஎஃப் லென்ஸ் போட அடாப்டர் வேண்டும். ஆர்எஃப் லென்ஸைப் பழைய டிஎஸ்எல்ஆரில் போட வழியே இல்லை.

இன்னொரு வகையும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு வருகிறது. '420-800' என்று பெரிய எண்ணைப் போட்டு, நீளமான குழாய் மாதிரி, நம்ப முடியாத மலிவு விலையில் இணையத்தில் விற்கிறார்கள். இதில் மின்சாரத் தொடர்பே கிடையாது. ஆட்டோ ஃபோகஸ் இல்லை, கேமராவிலிருந்து அபர்ச்சரை மாற்ற முடியாது. கேமராவோ லென்ஸ் மாட்டவே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். எம் என்ற மேனுவல் நிலைக்கு மாற்ற வேண்டும். மிரர்லெஸ் கேமராவாக இருந்தால் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்ற பொருளில் மெனுவில் உள்ள தெரிவையும் இயக்க வேண்டும். பிறகு படம் விழும். தெளிவை எதிர்பார்க்காதீர்கள். திருப்பி அனுப்ப வாய்ப்பிருந்தால் இதை அனுப்பிவிடுவதே நல்லது என்பது நம் கருத்து.

பொருத்தம் சரி, பூட்டும் விழுந்தது. ஆனால் ஷட்டர் அழுத்தினால் 'சர் சர்' என்று முன்னும் பின்னும் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது என்றால், நீங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சோதிக்கிறீர்கள் என்று அர்த்தம். புது லென்ஸ் வந்ததும் எல்லோரும் செய்வது, கட்டிலில் உட்கார்ந்தபடி எதிரில் இருக்கும் குழந்தையை எடுத்துப் பார்ப்பதுதான். டெலி லென்ஸ் தூரத்துக்குச் செய்தது. பக்கத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு லென்ஸுக்கும் குறைந்தபட்ச தூரம் உண்டு. நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300-க்கு 1.1 மீட்டர். கேனான் 75-300-க்கு 1.5 மீட்டர். பறவை எடுப்பவர்கள் வாங்கும் நிக்கான் 200-500-க்கு 2.2 மீட்டர், சோனி 200-600-க்கு 2.4 மீட்டர், சிக்மா 150-600 கன்டெம்பரரிக்கு 2.8 மீட்டர். அதற்குள் இருக்கும் எதிலும் ஃபோகஸ் விழாது. ஒற்றை ஃபோகஸ் நிலையில் இருக்கும் கேமரா, ஃபோகஸ் விழாத வரை ஷட்டரைத் திறக்கவும் செய்யாது. பார்ப்பவருக்கு லென்ஸ் செத்துவிட்டது போலத் தோன்றும். மொட்டை மாடிக்குப் போய், பத்து மீட்டர் தள்ளி இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை, வியூஃபைண்டரின் நடுப்புள்ளியால் குறிவைத்து அழுத்துங்கள். வெறும் வெள்ளைச் சுவரில் ஃபோகஸ் தேடச் சொன்னால் நல்ல லென்ஸும் தடுமாறும். விளிம்போ, எழுத்தோ, கம்பியோ வேண்டும்.

பெரிய லென்ஸ்களில் இதோடு ஃபோகஸ் வரம்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். முழு தூரமும் தேடட்டுமா, தூரத்தில் மட்டும் தேடட்டுமா என்று அது தீர்மானிக்கும். சோனி 200-600-இல் அதை '10 மீட்டருக்கு அப்பால்' என்ற நிலையில் வைத்துவிட்டு, ஆறு மீட்டரில் இருக்கும் மைனாவை எடுக்கப் பார்த்தால் நடக்காது. அதே லென்ஸின் குழலைச் சுற்றி உள்ள சிறு பொத்தான்கள் அழுத்தியிருக்கும் வரை ஃபோகஸை நிறுத்தி வைக்கும். புதிதாகப் பிடிப்பவரின் இடது கை விரல் சரியாக அதன் மேலேயே உட்காரும்! ஏ, எம் சுவிட்ச் எம்-இல் இருந்தாலும் கதை இதுதான். ஜூம் வளையமே திரும்பவில்லை என்றால் பக்கவாட்டில் பூட்டுச் சுவிட்ச் இருக்கும். வலுக்கட்டாயமாகத் திருக வேண்டாம். நிக்கான் இசட் டிஎக்ஸ் 50-250 போன்ற மடங்கும் லென்ஸ்களை முதலில் திருப்பி நீட்டினால்தான் கேமரா விழிக்கும். அதுவே திரையில் செய்தியாகவும் வரும். பலர் அந்தச் செய்தியைப் படிப்பதில்லை.

இவை ஒன்றிலும் குறையில்லை, ஆனால் பாதி ஷட்டர் அழுத்தினால் மட்டும் ஃபோகஸ் வரவில்லை என்றால் கேமராவைச் சந்தேகியுங்கள். செகண்ட் ஹேண்ட் பாடிகளில் முன்பு வைத்திருந்தவர் ஃபோகஸை ஷட்டரிலிருந்து பிரித்து, முதுகுப்புறம் இருக்கும் ஏஎஃப் பொத்தானுக்கு மாற்றி வைத்திருப்பார். மெனுவில் எல்லா அமைப்பையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

இனி 'படம் விழுகிறது, ஆனால் மங்கல்' என்ற புகார். வியூஃபைண்டரில் மட்டும் மங்கலா, எடுத்த படத்திலும் மங்கலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். வியூஃபைண்டரில் மட்டும் என்றால், அதன் ஓரத்தில் கண் பார்வைக்கு ஏற்பத் திருப்பும் சிறு சக்கரம் நகர்ந்திருக்கிறது. திரையில் படம் தெளிவாக இருந்தால் லென்ஸில் ஒன்றும் இல்லை.

படத்திலும் மங்கல் என்றால் கை ஆட்டம்தான் முதல் சந்தேகம். 300 மி.மீ. லென்ஸ் பொருளை மட்டுமல்ல, உங்கள் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. ஷட்டர் வேகத்தின் கீழ் எண், லென்ஸின் மி.மீ. எண்ணைவிடக் குறையக் கூடாது என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. மாணவர்கள் வைத்திருக்கும் சிறிய சென்சார் நிக்கானில் அதை 1.5-ஆலும், கேனானில் 1.6-ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். 300-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 450. ஆக, 1/500 நொடி வைத்தால்தான் கைப்பிடியில் நிம்மதி. அசைவைக் குறைக்கும் விஆர் அல்லது ஐஎஸ் இருந்தால் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் கை அசைவுக்குத்தான், ஓடும் பிள்ளையின் அசைவுக்கு அல்ல.

மண்டபத்தில் எடுக்கும் தம்பிமார்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 300-இல் உங்கள் லென்ஸ் எஃப்/5.6 அல்லது எஃப்/6.3 வரைதான் திறக்கும். சாதாரண 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், எஃப்/5.6-ஐவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். ஆகவே இரவு வலீமாவில் பின்வரிசையில் நின்றுகொண்டு மேடையை 300-இல் இழுத்தால், கேமரா 1/30-க்கு இறங்கி எல்லா முகத்தையும் கரைத்துவிடும். ஃபோகஸும் இருட்டில் தேடித் தேடி அலையும். லென்ஸ் மேல் குற்றமில்லை. அந்த இடத்துக்கு அது ஆளில்லை. ஆர்டர் ஒப்புக்கொள்ளும் முன் இதை அறிந்திருப்பது நல்லது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாவது முறை உட்கார்ந்து தரமாட்டார்கள்.

காற்றும் படத்தைக் கெடுக்கும். கடற்கரை ஊர்களில் நண்பகலில் சுடுமணலுக்கு மேலாகத் தூரத்துப் படகை எடுத்தால், சூடேறிய காற்றின் அலைவில் படகு நெளியும். எத்தனை லட்ச ரூபாய் லென்ஸும் அதை நேராக்காது. காலையில் எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் இலவசமாகப் போட்டுக்கொடுத்த மலிவு யூவி ஃபில்டரும் டெலியில் தெளிவைத் தின்னும்; கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுப்பதும் அப்படியே.

பிறையும் நிலாவும் எடுக்க ஆசைப்பட்டு லென்ஸ் வாங்குகிறவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களின் ஏமாற்றம் வேறு விதம்: 'சின்னதாகத்தான் தெரிகிறது.' வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. 300 மி.மீ. லென்ஸ் அதை சென்சாரில் ஏறக்குறைய 2.7 மி.மீ. அகலத்துக்கு விழச் செய்யும். சென்சாரின் அகலமோ 23 மி.மீ.க்குப் பக்கம். எனவே படத்தின் அகலத்தில் நிலா எட்டில் ஒரு பங்கைவிடச் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ இருப்பதுதான் சரி. முழு நிலா வெறும் வெள்ளை வட்டமாக வந்தால், ஆட்டோவை விட்டு எம்-க்கு மாறி, ஐஎஸ்ஓ 200, எஃப்/11, 1/200 நொடி வைத்துப் பாருங்கள். மேடு பள்ளங்கள் தெரியும். தலைப்பிறைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது அடிவானத்துப் புகைமூட்டத்தில் மெல்லிய கோடாக இருப்பதால் ஆட்டோ ஃபோகஸ் பிடிக்காது. தூரத்துக் கோபுர விளக்கில் ஃபோகஸ் வைத்து, எம்-க்கு மாற்றிவிட்டுத் தேட வேண்டும். மிக முக்கியமாக, சூரியன் முழுதாக மறையும் முன் டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியே அந்தத் திசையைத் துழாவ வேண்டாம். லென்ஸ் குவிக்கும் வெயில் கண்ணின் விழித்திரையைச் சுட்டுவிடும். பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

மேலே சொன்ன எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையா? இறுதிச் சோதனை இது. செய்தித்தாள் ஒன்றை நிழலான வெளிச்சுவரில் சமமாக ஒட்டுங்கள். ஐந்து மீட்டர் தள்ளி, டிரைபாடிலோ மேசையிலோ கேமராவைச் சுவருக்கு நேராக வையுங்கள். விஆர் அல்லது ஐஎஸ்-ஐ அணைத்து, இரண்டு நொடி டைமர் போட்டு, ஐஎஸ்ஓ 400-இல் எடுங்கள். வியூஃபைண்டரில் ஃபோகஸ் செய்து ஒரு படம், திரையில் பார்த்து ஃபோகஸ் செய்து ஒரு படம், பிறகு எஃப்/8-இல் ஒரு படம். திரை வழியே எடுத்தது தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. சர்வீஸ் சென்டரில் சரிசெய்யலாம். 300-இல் முழுதாகத் திறந்தபோது சற்றே மென்மை, எஃப்/8-இல் தெளிவு என்றால் அது மலிவு லென்ஸின் இயல்பு. ஒரு பக்க எழுத்துகள் கூர்மை, மறுபக்கம் மட்டும் எப்போதும் கரைசல் என்றால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. அதை மாற்றித்தான் வாங்க வேண்டும். எந்த வழியிலும் தெளிவில்லை என்றாலும் அப்படியே.

ஊரில் உள்ள ஸ்டுடியோவில் இதே வகை கேமரா இருந்தால் உங்கள் லென்ஸை அதிலும், அவர்கள் லென்ஸை உங்கள் கேமராவிலும் மாட்டிப் பாருங்கள். குற்றவாளி யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அரைக்கும் சத்தம், உள்ளே பனி படர்ந்தது போன்ற மூட்டம், இரண்டு கேமராவிலும் ஒரே எரர் ஆகியவை உண்மையான பழுதின் அடையாளங்கள். கேமரா அணைந்திருக்கும்போது உள்ளே ஏதோ லேசாகக் குலுங்குவது சில லென்ஸ்களில் இயல்பே. இயக்கியதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம்.

பழுது உறுதியானால் யாரையும் திருகாணியைத் தொட விடாதீர்கள். சோதனைப் படங்களையும் எரர் காட்டும் திரையையும் படம் பிடித்து, அன்றே விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். இந்தியாவில் வாங்கி, கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். வெளிநாட்டில் வாங்கியது என்றால் உத்தரவாத அட்டையைப் படியுங்கள். எல்லா நாட்டுக்கும் செல்லும் என்று இல்லாமல், வாங்கிய நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால் இங்குள்ள சர்வீஸ் சென்டர் இலவசமாகப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. அப்படியானால் காக்கா திரும்பிப் போகும் பெட்டியிலேயே லென்ஸும் போக வேண்டும்: உறை, மூடிகள், அட்டைப்பெட்டி, பில் எல்லாவற்றுடனும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸின் மேல் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.